தப்பிப் பிழைத்தவர் சொல்லும் பாடம்

பொருளியல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு: கொடுக்கக் கொடுக்கக் குறையாதது அறிவு, ஆயினும் அது தானாகப் பரவுவதில்லை. கூரை சரியும் கணத்தில் உயிர் தப்பிய தீயணைப்பு வீரர் தம் பிழையை வெளியே சொன்னால், பயன் பிறருக்கு; பழி அவருக்கு. ஆகவே மௌனம் காக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கொரு வழி கண்டனர். விமானத் துறைக்காக 1976 முதல் நாசா நடத்திவரும், பெயர் மறைத்துப் பிழைகளைத் தெரிவிக்கும் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2005இல் தீயணைப்பு வீரர்களுக்கும் இணையவழி ஏற்பாடு தொடங்கப்பட்டது. மயிரிழையில் தப்பியவர் நடந்ததை எழுதுகிறார், அடையாளங்கள் நீக்கப்படுகின்றன, தொலைதூர நிலையத்தில் அது பயிற்சிப் பாடமாகிறது.

தண்டனை அச்சம் நீங்கினால்தான் உண்மை வெளிவரும். விசாரணை வேறு, கற்றல் வேறு. உயிர் போனபின் எழுதப்படும் நூறு பக்க அறிக்கையைவிட, உயிர் தப்பியவர் எழுதும் பத்து வரிகள் மேலானவை.