இறக்கவில்லை, உறங்குகிறது!

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும், கொதிக்கும் பாறைகளும்தான் நினைவுக்கு வரும். 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்த அந்தக் கோட்டையின் அடிவாரத்து ஊரில், பூந்தொட்டி வைப்பவர்களுக்கு முதல் எதிரி கோடை வெயில்.

அயர்லாந்து மக்கள் மார்ச் 17 அன்று சட்டையில் செருகிக்கொள்ளும் மூவிலைச் செடிக்கு ஷாம்ராக் என்று பெயர். அதே பெயரில் தொட்டிகளில் அழகுக்கு வளர்ப்பதோ வேறு செடி. ஊதா இலை, பிறந்த இடம் தென் அமெரிக்கா. நம் வாசல் ஓரத்தில் தானே முளைக்கிறதே புளியாரை, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். மாலையானால் இலைகளைக் குடைபோல் மடக்கிக்கொண்டு தூங்கிவிடும், காலையில் விரிக்கும். புளியாரைதானே என்று துவையல் அரைத்துவிட வேண்டாம்! ஆடு, மாடும் மேயக் கூடாது.

இதற்கு விதை தேட வேண்டியதில்லை. சிறு கிழங்கை ஓர் அங்குல ஆழத்தில் புதைத்தால் போதும். மணல் கலந்த மண், அடியில் துளையுள்ள தொட்டி, இளங்காலை வெயில். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

விதை போட்டுத்தான் கை பழக வேண்டும் என்பவர்கள் முளைக்கீரையில் தொடங்கலாம். பொடி விதை, மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் போட வேண்டும். ஆழப் புதைத்தால் முளைக்காது. குடத்தால் கொட்டாமல் கையால் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் முளை தெரியும்.

ஷாம்ராக் வளர்ப்பவர்களுக்குச் சங்கடம் சித்திரையில்தான். வெயில் ஏற ஏற இலைகள் வாடி உதிர்ந்துவிடும். புதிதாக வளர்ப்பவர், "செடி போயிற்று" என்று தொட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுவார். அவசரம் ஏன்? மண்ணுக்குள் கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. தொட்டியை நிழலுக்கு மாற்றித் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெப்பம் தணிந்த பிறகு மறுபடி தண்ணீர் காட்டினால், மண்ணைக் கீறிக்கொண்டு ஊதாத் துளிர் எட்டிப் பார்க்கும்.