பாடுபடும் ஊழியர்: ஏசாயா 53ஆம் அதிகாரமும் மேசியா நம்பிக்கையும்

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரம் வாசிக்கப்படாத திருச்சபை அரிது. அதனைக் கேட்கும் சபையார் இயேசு கிறிஸ்துவை அன்றி வேறொருவரை எண்ணுவதில்லை. பிரசங்கிக்கும் நாமும், தீர்க்கதரிசி சிலுவைக் காட்சியை முன்கூட்டியே கண்டு எழுதிவைத்தார் என்றும், அது எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று என்றும், அவ்வளவு தெளிவான சாட்சியைக் கையில் வைத்திருந்தும் யூதர் நம்பவில்லை என்றும் எளிதாகக் கூறி முடித்துவிடுகிறோம்.

ஆனால் இதே பகுதியைத் தன் இரதத்தில் அமர்ந்து வாசித்த எத்தியோப்பிய மந்திரிக்குப் பொருள் அவ்வளவு தெளிவாக விளங்கவில்லை. தீர்க்கதரிசி இதனைத் தம்மைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்துச் சொல்கிறாரா என்று அவர் பிலிப்புவிடம் வினவினார் (அப். 8:34). அது அறியாமையில் எழுந்த வினா அன்று. கவனத்தோடு படிக்கும் எவரும் கேட்கவேண்டிய வினாவே. அவ்வினாவைத் தாண்டிக் குதிக்கும் பிரசங்கம் இப்பகுதியின் ஆற்றலையும் இழக்கிறது. சில வேளைகளில் பெருந்தீங்கையும் விளைவிக்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாடலின் சூழலும் அமைப்பும்

ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள் பாபிலோனிய அடிமைத்தனத்தின் பிற்பகுதியைப் பின்னணியாகக் கொண்டவை என்பது பெரும்பாலான திருமறை அறிஞரின் முடிவு. எருசலேம் கி.மு. 587 அளவில் அழிந்தது, பாபிலோன் கி.மு. 539இல் பாரசீக அரசனாகிய கோரேசிடம் வீழ்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கு இடையே நாட்டையும், அரசையும், ஆலயத்தையும் இழந்து நின்ற மக்களுக்கே இச்சொற்கள் முதலில் உரைக்கப்பட்டன. 1892இல் வெளிவந்த தம் விளக்கவுரையில் ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்ட் டூம் இவ்வதிகாரங்களினின்று நான்கு பகுதிகளைத் தனியே பிரித்துக் காட்டினார் (42:1-4, 49:1-6, 50:4-9, 52:13–53:12). இவையே 'ஊழியர் பாடல்கள்' என வழங்கிவருகின்றன.

நான்காம் பாடல் 53ஆம் அதிகாரத்தில் அன்று, 52:13இலேயே தொடங்குகிறது என்பதை மறத்தலாகாது. அதன் பதினைந்து வசனங்களும் மும்மூன்று வசனங்கள் கொண்ட ஐந்து அடுக்குகளாக அமைந்துள்ளன. தொடக்கத்திலும் முடிவிலும் கடவுள் தம் ஊழியரைக் குறித்துப் பேசுகிறார். அவர் உயர்த்தப்படுவார் என அறிவிக்கிறார். இவ்விரு வாக்குகளுக்கும் நடுவே 'நாங்கள்' என்று தம்மைக் குறிப்பிடும் ஒரு கூட்டத்தார் பேசுகின்றனர். ஊழியரோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை.

நடுப்பகுதியின் வினைச்சொற்கள் பெரும்பாலும் நடந்து முடிந்ததைக் கூறும் வடிவில் உள்ளன. பேசுவோர் வரப்போவதை முன்னறிவிக்கவில்லை. தாம் கண்டும் தவறாகக் கணித்த ஒருவரை நினைவுகூர்ந்து அறிக்கையிடுகின்றனர். ஆகவே இப்பாடல் முன்னறிவிப்பு என்பதைவிட முதற்கண் ஒரு பாவ அறிக்கை எனலாம்.

2. ஊழியர் யார்?

'மேசியா' என்னும் சொல் இப்பாடலில் இல்லை. அபிஷேகம் பெற்றவர் எனப் பொருள்படும் அவ்வெபிரெயப் பெயர்ச்சொல் ஏசாயா நூல் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் புறவினத்து அரசனாகிய கோரேசுக்கே சூட்டப்படுகிறது (45:1). இப்பாடலின் தலைவர் 'எபெத்', அதாவது ஊழியர் அல்லது தாசன் என்றே அழைக்கப்படுகிறார்.

அவ்வூழியர் இஸ்ரவேலே என்று நூல் வெளிப்படையாகக் கூறும் இடங்கள் பல (41:8, 44:1, 49:3). ஆயினும் 49:5-6இல் அவ்வூழியருக்கே இஸ்ரவேலைக் கடவுளிடம் திருப்பிக் கொணரும் பணி ஒப்புவிக்கப்படுகிறது. 53:8இல் அவர் மக்களின் மீறுதலினிமித்தம் வாதிக்கப்படுகிறார். ஒரே ஊழியர் இஸ்ரவேலாகவும் இஸ்ரவேலுக்காக நிற்பவராகவும் தோன்றுவது எவ்வாறு? மோசே, எரேமியா, யோயாக்கீன், செருபாபேல், தீர்க்கதரிசி எனத் தனிமனிதர் பலரை அறிஞர் முன்மொழிந்துள்ளனர். அடிக்கக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியாகத் தம்மை எரேமியா உவமித்துக்கொண்டதால் (எரே. 11:19), அவரையே பத்தாம் நூற்றாண்டு யூத அறிஞர் சாதியா இங்கு கண்டார். இஸ்ரவேலரின் சிந்தனையில் ஒருவர் தம் இனம் முழுவதையும் தம்முள் தாங்கி நிற்கக்கூடும் என்று வீலர் ராபின்சன் எடுத்துக்காட்டினார். ஊழியர் ஓர் இனமா, ஒரு மனிதரா என்று கேட்டு ஒன்றைத் தள்ளவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை இக்கருத்து நமக்கு உணர்த்துகிறது.

3. யூத மரபில் இப்பகுதி

கிறிஸ்துவுக்கு முற்பட்டது என ஐயமின்றிச் சொல்லத்தக்க யூத நூல் எதிலும், பிறருடைய பாவங்களுக்காகப் பாடுபட்டு மரிக்கும் மேசியாவைக் குறித்த தெளிவான போதனை இல்லை என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. 1947இல் கும்ரான் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏசாயாச் சுருள் 53:11இல் ஊழியர் 'ஒளியை'க் காண்பார் என்று வாசிக்கிறது. எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பும் அவ்வாறே வாசிக்கிறது. துன்பத்துக்குப் பின் ஒளி என்னும் நம்பிக்கைக்கு இது பழைமையான சான்று. எனினும் அதுவும் அவ்வூழியரை மேசியா என்று பெயரிட்டுக் கூறவில்லை.

அரமேய விளக்கமாகிய யோனத்தானின் தர்கூம் வியப்பூட்டுகிறது. அது 52:13இலேயே ஊழியரை மேசியா என வெளிப்படையாகக் குறிக்கிறது. ஆனால் பாடுகளை அவர்மேல் வைக்காமல், சிலவற்றை இஸ்ரவேலர்மீதும் சிலவற்றைப் புறவினத்தார்மீதும் மாற்றி வைக்கிறது. மேசியாவோ ஆலயத்தைக் கட்டுபவராகவும் மக்களுக்காக மன்றாடுபவராகவும் விளங்குகிறார். பாபிலோனியத் தல்மூதில் (சன்ஹெட்ரின் 98ஆ) மேசியாவுக்குத் தொழுநோயாளர் என்னும் பெயரைச் சிலர் அளித்து, அதற்கு ஏசாயா 53:4ஐச் சான்றாகக் காட்டினர். கொல்லப்படும் யோசேப்பின் மைந்தனாகிய மேசியாவைப் பற்றிய மரபும் உண்டு (சுக்கா 52அ). அதற்கு ஆதாரமாக நின்றது சகரியா 12ஆம் அதிகாரமே. ஆகவே யூத மரபு ஒரே குரலில் பேசிற்று என்பதும் தவறு. அது இப்பகுதியை மறைத்து வைத்தது என்பதும் தவறு.

கி.பி. 248 அளவில் கெல்சுவுக்கு மறுப்பு எழுதிய ஓரிகென், தாம் யூத அறிஞரோடு உரையாடியதைக் குறிப்பிடுகிறார். இப்பகுதி, சிதறுண்டு வாதிக்கப்பட்ட தங்கள் இனம் முழுவதையும் ஒரே மனிதராகப் பாவித்துப் பாடுகிறது என அவர்கள் அன்றே கூறினர். கிறிஸ்தவரை மறுப்பதற்காக இடைக்காலத்தில் புனையப்பட்ட விளக்கம் இது என்று சிலர் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

4. சிலுவையிலிருந்து பின்னோக்கிய வாசிப்பு

மேசியா பாடுபடவேண்டும் என்று இயேசு சொன்னவுடன் பேதுரு அவரைக் கடிந்துகொண்டார் (மாற். 8:31-33). பாடுபடும் மேசியாவைச் சீடர் முன்னரே எதிர்நோக்கியிருந்தால் இந்நிகழ்ச்சிக்குப் பொருளே இராது. சீடர் கையில் ஆயத்தமான ஒரு மேசியாச் சித்திரம் இருந்து, இயேசு அதற்குப் பொருந்தினார் என்பதன்று நடந்தது. சிலுவை அவர்கள் நம்பிக்கையைத் தகர்த்தது; உயிர்த்தெழுதல் அவர்களை மீண்டும் மறைநூலுக்குத் திருப்பியது. எம்மாவு வழியில் நிகழ்ந்த விளக்கம் கல்லறைக்குப் பின்னரே வருகிறது (லூக். 24:25-27).

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இப்பாடலைப் பயன்படுத்தும் முறை பலவிதமானது. மத்தேயு 53:4ஐச் சிலுவைக்கன்று, இயேசு நோயாளிகளைக் குணமாக்கியதற்கே பொருத்துகிறார் (8:17). யோவானும் பவுலும் நற்செய்தி நம்பப்படாமையை விளக்க 53:1ஐ எடுத்தாளுகின்றனர் (யோவா. 12:38, ரோ. 10:16). லூக்கா 22:37 ஊழியர் அக்கிரமக்காரரோடு எண்ணப்பட்டதை நினைவூட்டுகிறது. பிறருடைய பாவங்களைச் சுமந்தார் என்னும் கருத்தை விரிவாகப் பயன்படுத்துவது 1 பேதுரு 2:22-25 ஆகும். இயேசு தம்மையே இவ்வூழியராக எண்ணினாரா என்பது குறித்து, ஆம் என யோவாக்கிம் எரேமியாசும், போதிய சான்று இல்லை என 1959இல் மோர்னா ஹூக்கரும் வாதிட்டனர். 'அநேகருக்காக' என்னும் சொல் மாற்கு 10:45இலும் 14:24இலும் ஒலிப்பதையும், இப்பாடலின் இறுதியில் 'அநேகர்' என்னும் அதே கருத்து மீண்டும் மீண்டும் வருவதையும் ஒப்பிடுங்கால், முன்னவர் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

தமிழ் வாசகர் தவறவிடக்கூடிய ஓர் இணைப்பும் உண்டு. 'எபெத்' என்பதை எழுபதின்மர் இங்கே 'பைஸ்' என மொழிபெயர்த்தனர்; அச்சொல் பிள்ளை, ஊழியர் என இருபொருளும் தரும். அப்போஸ்தலர் 3:13, 4:27 ஆகிய இடங்களில் இயேசுவுக்கு இதே சொல் வழங்குகிறது. நம் பழைய திருப்புதல் ஏசாயாவில் 'தாசன்' என்றும், அப்போஸ்தலரில் 'பிள்ளை' என்றும் பெயர்த்திருப்பதால், பேதுருவின் பிரசங்கத்தில் ஊழியர் பாடலின் எதிரொலி நம் செவிக்கு எட்டுவதில்லை.

யூதருக்கு உண்மையில் இடறலாயிருந்தது எது? இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாகிய யுஸ்தீன் எழுதிய உரையாடலில், மேசியா பாடுபடுவார் என்பதை யூதராகிய திரிபோ ஒப்புக்கொள்கிறார், நியாயப்பிரமாணம் சபிக்கும் மரத்தின் சாவையே அவரால் ஏற்க இயலவில்லை (உபா. 21:23). பவுலும் இவ்விடறலை மறைக்காமல் நேராக எதிர்கொள்கிறார் (கலா. 3:13). கடவுளால் தண்டிக்கப்பட்டவர் என்று எல்லாரும் எண்ணிய ஒருவரிடத்திலேயே கடவுள் செயலாற்றினார் என்பதை வேறெங்கும் காணாத தெளிவோடு கூறிய பகுதி ஏசாயா 53. சிலுவையைப் புரிந்துகொள்ளத் திருச்சபைக்கு அது மொழியை அளித்தது. பாடல் சிலுவையை நிரூபிக்கவில்லை. சிலுவை பாடலின் ஆழத்தைத் திறந்தது. இதுவே நிறைவேறுதல் என்பதன் பொருள்.

5. 'நாங்கள்' என்போர் யார்?

இப்பாடலில் பேசுவோர் தங்கள் குற்றத்தை ஒளிவுமறைவின்றி அறிக்கையிடுகின்றனர்: அவர் கடவுளால் அடிக்கப்பட்டவர் என எண்ணினோம், உண்மையில் அவர் சுமந்தது எங்களுடையதை. திருச்சபையும் இச்சொற்களைத் தன் வாயில் வைத்து ஓதிற்று. ஆனால் 'நாங்கள்' என்று ஓதிக்கொண்டே 'அவர்கள்' என்று பொருள்கொண்டது.

1096இல் எருசலேமை நோக்கிப் புறப்பட்ட சிலுவைப்போர்க் கூட்டத்தார் ரைன் நதிக்கரை நகரங்களாகிய ஷ்பயர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகியவற்றில் யூதரைக் கொன்றனர். வோர்ம்சிலும் மைன்சிலும் இளமையில் கல்வி பயின்றவர், பிரான்சு நாட்டு விளக்கவுரையாளர் ராஷி (1040-1105). அவருடைய உரையில் இப்பாடலின் 'நாங்கள்' புறவினத்தார். பாடுபடும் ஊழியர் இஸ்ரவேல். சிலுவைக்குறி தரித்தோரின் வாளுக்கு இரையான ஓர் இனம் அவ்வாறு வாசித்ததைக் குருட்டாட்டம் என்று கூற நமக்கு என்ன உரிமை உண்டு? 1543இல் லுத்தர் யூதருக்கு எதிராக எழுதிய கொடுஞ்சொற்களும், 1938 நவம்பரில் ஜெர்மனியில் எரிந்த ஜெப ஆலயங்களும், அவற்றைத் தொடர்ந்த பேரழிவும் இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றன. கிறிஸ்துவின் சாவுக்காக அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ குற்றஞ்சாட்டலாகாது என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1983இல் ஸ்டாக்ஹோமில் யூதரோடு கூடிய லுத்தரன் பிரதிநிதிகள் லுத்தரின் அக்கொடுஞ்சொற்களைத் தாங்கள் ஏற்பதில்லை என வெளிப்படையாகக் கூறினர்.

இவ்விரு வாசிப்புகளும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. இஸ்ரவேலின் மைந்தராகப் பிறந்து, அவ்வினத்தின் அழைப்பைத் தம்மில் முழுமையாக ஏற்று, அநேகருக்காகத் தம்மை ஈந்தவர் இயேசு என்பதே நம் விசுவாச அறிக்கை. ஊழியராகிய இஸ்ரவேலை மறுதலித்து ஊழியராகிய கிறிஸ்துவை அறிக்கையிடுதல், வேரை வெட்டிக் கனியைப் போற்றுவதற்கு ஒப்பாகும்.

6. பிரசங்கிப்போருக்கு

மூன்று எச்சரிக்கைகளோடு இக்கட்டுரையை முடிக்கலாம். முதலாவது, இப்பகுதியைப் பிறருக்கு எதிரான வழக்காக்கலாகாது. 'நாங்கள்' என்னும் இடத்தில் நாமும் நம் சபையாருமே நிற்கவேண்டும்.

இரண்டாவது, ஒடுக்கப்பட்டோரின் வாயை அடைக்க ஆட்டுக்குட்டியின் மௌனத்தைப் பயன்படுத்தலாகாது. ஊழியருக்கு இழைக்கப்பட்டது நீதியின் புரட்டு என்பதைப் பாடலே சாட்சியிடுகிறது (53:8). கடவுள் அத்தீர்ப்பைத் தள்ளி அவரை உயர்த்துகிறார். மேலும் 53:10 குறிப்பிடும் குற்றநிவாரண பலி, லேவியராகமத்தில் இழப்பீடு செலுத்துவதோடு இணைந்தது (லேவி. 5:16, 6:5). ஆகவே சிலுவையால் ஒப்புரவாக்கப்பட்டோர், பிறருக்குத் தாம் இழைத்ததைச் சீர்செய்யும் கடமையினின்று விலக இயலாது.

மூன்றாவது, நோய்ப்படுக்கையருகே நின்று இவர் என்ன பாவம் செய்தாரோ என்று கேட்கும் நாவு நம் சபைகளிலும் உண்டு. யோபுவின் நண்பர் இன்னும் மரித்துவிடவில்லை. துன்புறுகிறவரைக் கடவுள் கைவிட்டார் எனத் தீர்ப்பிட்ட ஒரு கூட்டம், தன் தீர்ப்பு முற்றிலும் தவறு என உணர்ந்து கண்ணீரோடு எழுப்பிய குரலே இந்த அதிகாரம். பெரிய வெள்ளியன்று அதனை வாசித்தபின், சனிக்கிழமை அந்நோயாளியின் வீட்டு வாசலில் நாம் என்ன பேசுகிறோம் என்பதே அவ்வாசிப்பை நாம் புரிந்துகொண்டோமா என்பதற்குச் சான்றாகும்.

எத்தியோப்பிய மந்திரி ஓர் அண்ணகர். ஆண்டவரின் சபையில் அத்தகையோருக்கு இடமில்லை என உபாகமம் 23:1 விலக்கியிருந்தது, அவர் வாசித்த இடத்திலிருந்து சுருள் சற்றே விரிக்கப்பட்டால், அவருக்கும் கடவுளின் வீட்டில் இடமுண்டு என்னும் வாக்கு வருகிறது (ஏசா. 56:3-5). ஊழியர் யார் என்று கேட்ட அவருக்குப் பிலிப்பு வாதத்தால் விடையளிக்கவில்லை. அவ்வேத வாக்கியத்திலிருந்து தொடங்கி இயேசுவை அறிவித்தார்; வழியில் தண்ணீரைக் கண்டபோது இருவரும் அதில் இறங்கினர். விலக்கப்பட்டவர் உள்ளே சேர்க்கப்பட்ட அவ்விடத்தில் ஊழியரின் பாடு தன் பலனைக் கண்டது.