டிராக்டர் கொட்டகைத் தரையில் எண்ணெய்க் கறை நீக்கும் முறைகள்

உழவு மாடு கட்டிய தொழுவம் இருந்த இடத்தில் இன்று பல பண்ணைகளில் டிராக்டர் கொட்டகை நிற்கிறது. மாட்டின் சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரமாயின. டிராக்டரிலிருந்து சொட்டும் ஆயிலும் டீசலும் அவ்வாறு பயன்படுவதில்லை. விழுந்த இடத்தைக் கெடுத்துவிடுகின்றன. சிமெண்டுக் கான்கிரீட் தளம் இட்டு, அதன்மேல் காப்புப் பூச்சும் பூசி வைத்துள்ள விவசாயிகள் கூட, சில மாதங்களில் தரை கருத்துப் போவதைக் கண்டு, "டிராக்டர் நிற்கும் இடம் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இவ்வாறு விட்டுவிடுவது சரியன்று. சம்பா அறுவடையின்போது திடீரென மழை வந்தால் களத்து நெல்லை வாரிக் கொண்டு வந்து கொட்டுவது பெரும்பாலும் இந்தக் கொட்டகையில்தான். நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் வித்துக்கள் டீசல் வாடையை எளிதில் ஈர்த்துக் கொள்கின்றன. ஏறிய வாடை காயவைத்தாலும் முழுதும் போவதில்லை. மூட்டை சுமந்து வரும் ஆள் ஆயில் தரையில் கால் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். கொட்டகைக்கு அருகில் கிணறு இருந்தால், தரையைக் கழுவிய நீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எனவே தரையைத் தூய்மையாக வைத்துக் கொள்வதும் பண்ணை நிர்வாகத்தின் ஒரு பகுதியே ஆகும்.

கறை ஏன் பிடிக்கிறது?

கான்கிரீட் பார்வைக்குக் கல் போல் இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. கலவையில் சேர்த்த நீரில் சிமெண்டுடன் வினைபுரியாது எஞ்சிய பகுதி ஆவியாகிப் போன வழிகளே இத்துளைகள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல இத்துளைகள் ஆயிலை உள்ளே இழுத்துக் கொள்கின்றன.

இதைத் தடுக்கவே காப்புப் பூச்சு பூசப்படுகிறது. இதில் இரு வகைகள் உண்டு. அக்ரிலிக், எபாக்ஸி போன்றவை தரையின் மேல் மெல்லிய படலமாக அமைந்து நிற்கும். மற்றொரு வகை துளைகளுக்குள் ஊறிச் சென்று உள்ளிருந்து காக்கும். இதனால் தரையில் பளபளப்பு தோன்றாது. எந்த வகையாயினும் பூச்சு கறை ஊறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, என்றென்றைக்கும் தடுத்து நிறுத்தாது. சக்கரம் திரும்பித் திரும்பித் தேயும் இடங்களிலும், கலப்பை, கொத்துக் கலப்பை போன்ற கருவிகளை இழுத்துக் கீறிய இடங்களிலும் பூச்சு அழிந்து போகிறது. அங்குதான் ஆயில் உள்ளே இறங்குகிறது.

உங்கள் தரையில் பூச்சு நன்றாக உள்ளதா என்பதை எளிதில் அறியலாம். கறைக்குப் பக்கத்தில் சுத்தமான இடத்தில் சில சொட்டு நீர் விடுங்கள். ஐந்து நிமிடம் கழிந்தும் தாமரை இலைத் தண்ணீர் போல் முத்தாக நின்றால் பூச்சு நல்ல நிலையில் உள்ளது. நீர் ஊறி அந்த இடம் கருத்தால் பூச்சு போய்விட்டது. இச்சோதனையைக் கறையின் மேலேயே செய்யக் கூடாது. ஆயில் ஊறிய கான்கிரீட்டும் நீரை ஒட்டவிடாது. ஆகவே பூச்சு நன்றாக இருப்பது போல் ஏமாற்றிவிடும்.

எந்தத் திரவம் என்று அறிக

மருந்து கொடுக்கும் முன் நோயை அறிவது போல, துடைக்கும் முன் விழுந்தது எது என்று அறிய வேண்டும்.

1. என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கிரீஸ், டீசல்: இவை நீரில் கரையாதவை. கீழே கூறப்படும் முறைகள் பெரும்பாலும் இவற்றுக்கானவை.

2. ரேடியேட்டர் கூலண்ட்: பச்சை, சிவப்பு, நீல நிறங்களில் இருக்கும். நீரில் கரையும், ஆகவே கழுவினால் போய்விடும். ஆனால் இதில் பொதுவாகச் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் கன்றும் நக்கிக் குடித்து இறக்க நேரிடும். தேங்க விடாமல் உடனே உமியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

3. பிரேக் ஆயில்: கார், வேன்களிலிருந்து விழுவது. சாதாரணமாகப் பயன்படும் வகை நீரில் கலக்கும். இது பெயிண்டையும் காப்புப் பூச்சையும் இளக்கிவிடும். தேய்த்துப் பரப்பாமல் துணியால் ஒற்றி எடுத்து, உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

4. பேட்டரித் திராவகம்: இது கந்தக அமிலம். பூச்சைத் தாண்டினால் சிமெண்டையே அரித்து மாவு போலாக்கும். ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் வீதம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரை பொங்குவது நிற்கும் வரை ஊற்றிப் பின் கழுவுங்கள். கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

புதிய கறை

ஆயில் கொட்டியவுடன் நீர் ஊற்றுவதே பலரும் செய்யும் தவறு. நீர் ஆயிலைக் கரைக்காது. பரப்ப மட்டுமே செய்யும். முதலில் உறிஞ்சும் பொருளைத் தூவ வேண்டும். உமி, மரத்தூள், உலர்ந்த தென்னை நார்க்கழிவு, சாம்பல், பொடித்த களிமண் ஆகியவற்றில் கைக்குக் கிடைத்ததைப் பயன்படுத்தலாம். கறையைச் சுற்றி வரப்புப் போல் முதலில் போட்டுவிட்டுப் பிறகு நடுவில் தூவினால் ஆயில் பரவாது. காலால் மெல்ல மிதித்துவிட்டு, டீசலானால் ஒரு மணி நேரமும், கெட்டியான ஆயிலானால் ஓர் இரவும் விட்டுப் பின் கூட்டி அள்ளுங்கள். பூச்சு நன்றாக உள்ள தரையில் பெரும்பகுதி ஆயில் இத்துடன் வந்துவிடும்.

எஞ்சிய பிசுக்கை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம் சோப்புத்தூள் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். வெயில் ஏறுமுன் காலையில் செய்வது நல்லது. சுட்ட தரையில் கரைசல் ஊறுமுன் உலர்ந்துவிடும்.

பழைய கறை

நாள்பட்ட கறைக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சலவை சோடாவும் 20 கிராம் சோப்புத்தூளும் கரைத்துப் பயன்படுத்தலாம். இங்கு ஒன்றை விளக்க வேண்டும். அடுப்படியில் சிந்திய நல்லெண்ணெய்க்கும் நெய்க்கும் சலவை சோடா மட்டுமே பெரும்பாலும் போதும். சோடா அவற்றில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். பூமியிலிருந்து எடுக்கப்படும் என்ஜின் ஆயில் அவ்வாறு சோப்பாக மாறாது. அதைச் சிறுசிறு துளிகளாகப் பிரித்து நீரில் மிதக்கவிட சோப்புத்தூள் வேண்டும். அப்படியானால் சோடா எதற்கு என்று கேட்கலாம். நம் கிணற்று நீர் பல இடங்களில் உப்புநீர், கடின நீர். அதில் சோப்பு நுரைக்காமல் திரியும். சலவை சோடா நீரின் கடினத்தன்மையைப் போக்கி, சோப்புத்தூள் முழு வேலை செய்ய வழி செய்கிறது.

சோடாக் கரைசலைத் தரை முழுவதும் ஊற்றும் முன், ஒரு மூலையில் கையகல இடத்தில் ஊற்றிப் பாருங்கள். அக்ரிலிக் பூச்சு சில சமயம் வெளுத்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் சோடாவை விட்டுச் சோப்புத்தூளை மட்டும் இரண்டு மூன்று முறை பயன்படுத்த வேண்டும். கழுவிய பின் வழவழப்பு நீங்கும் வரை நல்ல நீர் விட்டு அலசுவது முக்கியம்.

பற்றுப் போடும் முறை

பூச்சு தேய்ந்த இடத்தில் ஆயில் உள்ளே இறங்கிவிட்டால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. இன்று வெளுத்த இடம் ஒரு வாரத்தில் மீண்டும் கருக்கும். கீழிருந்த ஆயில் மேலேறி வருவதே இதற்குக் காரணம். தலைவலிக்குப் பற்றுப் போடுவது போல இதற்கும் பற்றுப் போட வேண்டும்.

மேற்கூறிய சோடா, சோப்புத்தூள் கரைசலில் வெள்ளைக் களிமண் தூள், மாக்கல் தூள், சுண்ணாம்புக்கல் தூள் ஆகியவற்றில் ஒன்றைத் தோசை மாவை விடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்துக் கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது, கைகளைப் புண்ணாக்கும். கறையை விட நான்கு விரற்கடை அகலமாக, ஒரு செ.மீ. கனத்தில் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் பாரம் வையுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டுப் பற்றை நன்றாகக் காயவிடுங்கள். தாள் மூடியிருக்கும்போது கரைசல் துளைகளுக்குள் இறங்கி ஆயிலை இளக்குகிறது. தாளை எடுத்த பின், காயும் பற்று கரைசலை மேலே இழுக்கிறது. அதனுடன் ஆயிலும் வருகிறது. எனவே பற்று முழுதும் காய்வதற்கு முன் சுரண்டி எடுத்தால் பாதி வேலையே ஆகியிருக்கும். ஆழ்ந்த கறைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டி வரும்.

பூச்சு அழியாத இடத்தில் பற்றுப் போடுவதால் பயன் இல்லை. கரைசல் படலத்தைத் தாண்டி உள்ளே போகாது. பூச்சுக்கு அடியில் கறை பரவியிருப்பது தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பற்றுப் போட்டு, பின் புதிதாகப் பூசுவதே வழி.

மீண்டும் பூச்சு இடுதல்

ஆயில் எஞ்சியுள்ள தரையில் புதுப் பூச்சு ஒட்டாது. சில மாதங்களில் அப்பளம் போல் உரிந்து வரும். ஆகவே சுரண்டிய இடத்தில் மீண்டும் நீர்ச் சொட்டுச் சோதனை செய்யுங்கள். இப்போது நீர் ஊறி இடம் கருத்தால்தான் ஆயில் நீங்கியதாகப் பொருள். முத்தாக நின்றால் மறுபடி பற்றுப் போட வேண்டும். அடுத்து, 45 செ.மீ. சதுரமான பாலித்தீன் தாளைத் தரையில் நான்கு புறமும் டேப்பினால் ஒட்டி, முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தரையில் ஈரம் உள்ளது. மேலும் சில நாட்கள் காயவிடுங்கள். முன்பு பூசிய அதே வகைப் பூச்சையே வாங்கிப் பூசுவது நல்லது.

செய்யக் கூடாதவை

1. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றித் துடைக்கக் கூடாது. அவை ஆயிலை இளக்கி மேலும் ஆழத்துக்கு அனுப்பும். அக்ரிலிக் பூச்சைத் தின்னர் கரைத்துவிடும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து சென்று எட்டியுள்ள நெருப்பிலும் பற்றிக் கொள்ளும்.

2. கழிப்பறை கழுவும் ஆசிட் ஆயிலைக் கரைக்காது, சிமெண்டைத்தான் கரைக்கும். கிணற்றுக்கு வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலந்தால் குளோரின் நச்சு வாயு எழும். மூடிய கொட்டகையில் இது உயிருக்கே ஆபத்து.

3. இரும்புக் கம்பி பிரஷ் பூச்சைக் கீறுவதோடு, உடைந்த கம்பிகள் துருப்பிடித்துப் புதிய கறையை உண்டாக்கும்.

கழிவை என்ன செய்வது?

கழுவிய நீரை வாய்க்காலிலும் வயலிலும் விடக் கூடாது. ஆயில் படிந்த மண்ணில் நீர் ஊறாது. வேருக்கும் விதைக்கும் காற்றுக் கிடைக்காது. மேலும், ஆயிலைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக் கொள்வதால் பயிர் மஞ்சளாகிவிடும். உறிஞ்சும் பொருளால் முதலில் ஆயிலை எடுத்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். கழுவும் நீர் குறைவாக இருந்தால், அதையும் உமியில் ஒற்றி எடுத்துவிடலாம்.

ஆயில் ஊறிய உமியை எருக்குழியில் கொட்டவோ அடுப்பில் எரிக்கவோ வேண்டாம். மூடியுள்ள தகர டின்னில் சேர்த்து வையுங்கள். மாற்றிய பழைய ஆயிலை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரமான கழிவாகவே கருதுகின்றன. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பணிமனையில் அதைக் கொடுத்துவிடுவதே முறை. ஆயில் பட்ட உமியையும் அங்கேயே கேட்டு ஒப்படையுங்கள். பழைய ஆயில் அடிக்கடி தோலில் படுவது தோல் புற்றுநோய்க்கு இடம் தரும் என்பதால், வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்கக் கூடாது.

வருமுன் காத்தல்

பத்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஓர் இரவில், அதாவது 12 மணி நேரத்தில், 4,320 சொட்டுகள் விழும். ஒரு மில்லி லிட்டருக்கு 20 முதல் 30 சொட்டு என்று கொண்டால், இது சுமார் 150 முதல் 200 மில்லி லிட்டர் ஆகிறது. ஒழுகும் வாஷரையோ ஆயில் சீலையோ மாற்றும் செலவை இந்த ஆயிலின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ஜினுக்கு நேர் கீழே, இரண்டு அங்குல உயரத்துக்கு உமி பரப்பிய தகரத் தட்டு ஒன்றை வைத்துவிட்டால் தரை காப்பாற்றப்படும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதும் தெரிந்துவிடும். தானியம் கொட்டும் பகுதியையும் டிராக்டர் நிற்கும் பகுதியையும் ஒரு செங்கல் உயர வரப்புக் கட்டிப் பிரித்துவிடுவது மேலும் சிறந்தது.

எனவே விவசாயப் பெருமக்கள் அடுத்த அறுவடைக்கு முன்பே தம் கொட்டகைத் தரையை ஒருமுறை சோதித்து, புதிய கறைக்கு உமியும், பழைய கறைக்குச் சோடாவும், ஊறிய கறைக்குப் பற்றும் என்ற முறையில் தூய்மை செய்து, தேய்ந்த இடங்களில் பூச்சைப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். இதனால் விளைந்த தானியமும், சுமக்கும் ஆளும், குடிக்கும் நீரும் ஒருங்கே காக்கப்படும்.