மறைந்தார் குரலும் மலிவு நாடாவும்

சங்கரன்கோவிலில் இரயிலேறித் தென்காசி வழியாகச் செல்வோர் செங்கோட்டையை அடைவர். நாடக மேடையிலே ஈடின்றிப் பாடிய எஸ். ஜி. கிட்டப்பா 1906-ஆம் ஆண்டு பிறந்தது அவ்வூரிலேயாம். 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது இருபத்தேழே. பேசும்படம் தமிழில் தோன்றி ஈராண்டே ஆகியிருந்தமையின், அவர் திரையில் நடித்தாரல்லர். அவரை நேரிற் கேளாத நமக்கு எஞ்சியவை, பக்கமொன்றுக்கு மூன்று நிமிடமளவு ஓடும் சில இசைத்தட்டுகளே.

பாடகர் மறைந்தவுடன் அவர் குரலின் அளவு முடிந்துவிடுகிறது. அதனை விரும்புவோர் தொகையோ பெருகுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் வியாபாரம் புகுகின்றது. கிட்டப்பாவுக்குப் பின் டி. ஆர். மகாலிங்கம் அவர் பாணியில் உச்சக்குரலிற் பாடினார். 1945-இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில், கிட்டப்பா மேடையிற் பாடிப் பேர்பெற்ற பாட்டையே தாமும் பாடினார். கேட்டோர் முன்னவரை நினைத்தனர். ஆயினும் புகழ்ந்தது மகாலிங்கத்தையே. விளம்பரத்திலும் நின்றது அவர் பெயரே. இதிற் குற்றங் காண்பார் உளரோ?

ஒலிநாடாக் காலத்தில் நிலை வேறாயிற்று. இந்தித் திரைப்பாடகர் முகம்மது ரஃபி 1980 ஜூலை 31-இல் மறைந்தார். கிஷோர் குமார் 1987 அக்டோபர் 13-இல் மறைந்தார். அவர்தம் பழம் பாடல்களின் மூல ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் இந்திய கிராமபோன் கம்பெனியிடமே இருந்தன. இசைத்தட்டு அச்சிடுதற்குப் பெருமுதல் வேண்டும். நாடாவில் பதிவதற்கோ சிறு முதலே போதும். தில்லியில் பழரசக் கடை வைத்திருந்த குடும்பத்தினரான குல்ஷன் குமார் 1983-இல் தொடங்கிய சூப்பர் கேசட்ஸ் நிறுவனம், புதிய இளைஞரைக் கொண்டு பழைய பாடல்களை மறுபடியும் பாடுவித்துக் குறைந்த விலைக்கு விற்றது. ரஃபியின் நினைவாகச் சோனு நிகமும், கிஷோரின் நினைவாகக் குமார் சானுவும் பாடிய நாடாக்கள் அவ்வகையின.

பிறர் பாட்டைக் கேளாமலே பாடி விற்கச் சட்டம் எங்ஙனம் இடங்கொடுத்தது? இவ்வூர்த் தறிகாரருக்கு இஃது எளிதில் விளங்கும். சேலையின் மாதிரி வேறு. நெய்த சேலை வேறு. அதுபோலவே சொல்லும் மெட்டும் ஓர் உரிமை. பாடிப் பதித்த ஒலி மற்றோர் உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முதற் பதிவு வெளிவந்து இரண்டாண்டு கழிந்தபின், முன்னறிவிப்புத் தந்து, பாட்டின் உரிமையாளருக்கு உரிய தொகையைச் செலுத்தி, எவரும் புதிதாகப் பாடிப் பதிக்கலாம் என்றிருந்தது. பழைய ஒலியை நகலெடுத்தால் களவு. புதிதாகப் பாடினால் வாணிபம்.

இவ்வாணிபத்தை முற்றும் பழிக்க என் மனம் ஒருப்படவில்லை. விலையுயர்ந்த நாடாவை வாங்கவியலாத எத்தனையோ வீடுகளிற் பாட்டு ஒலித்தது இதனாலன்றோ! பழுது இருந்தது உறையின்மேல். மறைந்தார் பெயரும் படமும் பெரிதாக முன்னே நிற்கும்; பாடினவன் பெயரோ எறும்பெழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும். ஆடித்தபசுக் கூட்டத்தில் அத்தகைய நாடாவை வாங்கி, வீடு சென்று ஓடவிட்டு, வேற்றுக் குரல் கேட்டுத் திகைத்த கதையைப் பெரியோர் நகைப்போடு சொல்லக் கேட்டிருக்கிறேன். நகைத்துத் தள்ளத்தக்கதன்று அது. வாங்கினவனுக்கு மட்டுமோ இழப்பு? தொண்டை நோகப் பாடிய இளைஞன் தன் குரலைப் பிறர் பெயரில் விற்றவனாகிறான். சோனு நிகமும் குமார் சானுவும் பின்னர்த் தம் பெயராலேயே உயர்ந்தனர். அவ்வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதோ?

இறந்தாரைப் பாடிப் பொருளீட்டல் புதிதன்று. அமெரிக்க ராக் இசைப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்டு 16-இல் மறைந்த சின்னாட்களில், ரானி மக்டவல் என்பார் ஓர் இரங்கற்பாட்டை எல்விஸ் குரலையொத்த குரலிற் பாடிச் சிறு நிறுவனமொன்றின் வாயிலாக வெளியிட்டார். அது பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. சென்னைக் குஜிலிக் கடைகளிலும் மரணச் சிந்துகள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. ஆனால் இவை தம்மை இரங்கற்பாட்டென்றே கூறிக்கொண்டன.

நம் நாட்டில் உறை வழக்கு மன்றமேறியது. 1994-ஆம் ஆண்டின் ‘ஹம் ஆப்கே ஹைங் கௌன்’ என்னும் படப்பாடல்களை வேறு பாடகரைக் கொண்டு பாடுவித்துச் சூப்பர் கேசட்ஸ் வெளியிட, கிராமபோன் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1995-இல் தில்லி உயர்நீதிமன்றம், உறை மூலத்தை ஒத்திருத்தலாகாது. மூலப் பதிவன்று என்பது விளங்க எழுதப்படல் வேண்டும் என்றது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தமோ 31சி என்னும் பிரிவால் இன்னுந் தெளிவாக்கிற்று. இரண்டாண்டு ஐந்தாண்டாயிற்று, மறுபதிப்பென்று உறையில் எழுதுதல் கட்டாயமாயிற்று, முன்பு பாடினவரின் பெயரோ உருவமோ அவ்வுறையில் இடம்பெறலாகாது என்றும் விதிக்கப்பட்டது.

எனினும் இவ்விதி வருமுன்னரே நாடாக் கடைகள் மூடத் தொடங்கிவிட்டன. இன்று கைப்பேசியில் மறைந்தவர் பெயரை எழுதித் தேடினால், அவர் பாட்டும் அவரைப்போற் பாடினோர் பாட்டும் ஒரே நிரலில் வந்து நிற்கின்றன. நகத்தளவுப் படமே அங்கு உறை. பாடியவர் யாரென்னும் வரியோ, அதனைத் தொட்டு விரித்துப் பார்ப்பார்க்கே தெரிகின்றது.