முட்டை நின்றுவிட்ட கோழி: விற்குமுன் கவனிக்க வேண்டியவை

"ஆறு கோழி நிக்குது, பாதர். தீன் மட்டும் திண்டுது, ஒரு முட்டையும் இல்லை. வித்துப்போடுவம் எண்டு யோசிக்கிறன்." மீளக்குடியமர்ந்த கிராமங்களிலும், இன்னும் உறவினர் வளவுகளில் கொட்டில் போட்டு வாழும் குடும்பங்களிடத்தும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

1990 இலும் 1995 இலும் 2008 – 2009 காலப்பகுதியிலும் இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் காணியையும் மாடுகளையும் விட்டுவிட்டே புறப்பட்டன. போன இடத்தில் வயல் செய்ய முடியவில்லை. ஆனால் இரண்டு பேடும் ஒரு சேவலும் வளர்க்கக் காணி உறுதி தேவையில்லை. பிள்ளையின் கொப்பிக்கும், பஸ் காசுக்கும், உப்புப் புளிக்கும் கைகொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிலுள்ள இந்த முட்டைக் காசுதான். முட்டை நின்றதும் கோழியை இறைச்சிக்கு விற்றுவிட்டால், அந்த இடத்துக்கு ஒரு குஞ்சு வளர்ந்து முதல் முட்டையிட ஐந்து, ஆறு மாதங்கள் செல்லும். ஆகவே விற்பதா, வைத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்குமுன் முட்டை ஏன் நின்றது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்வோம். முட்டை என்பது கோழியின் மிச்சம். உண்ணும் தீனில் முதற் பங்கு அதன் உயிர்வாழ்வுக்கும், அடுத்த பங்கு இறகு, உடல் வளர்ச்சி, நோயெதிர்ப்பு ஆகியவற்றுக்கும் போகிறது. அதற்கு மேலே மிஞ்சுவதே முட்டையாகிறது. முட்டை நின்றால் அந்த மிச்சத்தை ஏதோ ஒன்று பறித்துவிட்டது என்பதே பொருள். அது என்னவென்று தேடுவதே எமது வேலை.

உண்மையில் நின்றுவிட்டதா?

முட்டையிடுவது நிற்பது வேறு, முட்டை எமது கைக்கு வராமற் போவது வேறு. திறந்த வளவில் மேயும் ஊர்க்கோழி பற்றைக்குள்ளோ, விறகு அடுக்கின் பின்னாலோ இரகசியமாக முட்டையிடும். பாம்பு, கீரி, காகம், நாய் ஆகியனவும் பங்கு கேட்கும். சில கோழிகள் தமது முட்டையைத் தாமே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். ஆகவே சந்தேகமுள்ள கோழியை மூன்று நான்கு நாட்களுக்கு முற்பகல் முழுவதும் கூட்டுக்குள்ளேயே, தீனும் தண்ணீரும் கொடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. கோழியைப் பிடித்து, எச்சத்துவாரத்தின் இரு பக்கமும் தட்டுப்படும் கூரிய எலும்புகளைத் தடவிப் பாருங்கள். அவற்றின் நடுவே இரண்டு விரல்கள் தாராளமாக அடங்கி, எச்சத்துவாரம் அகன்று ஈரமாக இருந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரலே மட்டுமட்டாக அடங்கி, துவாரம் சுருங்கி உலர்ந்திருந்தால் முட்டை நின்றுவிட்டது. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து பருத்திருக்கும். மற்றதன் கொண்டை வெளிறிச் சுருங்கியிருக்கும்.

ஊர்க்கோழியின் முறை

ஊர்க்கோழி ஒரு முறையில் பத்துத் தொடக்கம் பதினைந்து முட்டை வரை இட்டபின் அடைக்கு இருக்கும். 21 நாட்கள் அடைகாக்கும். பின்னர் இரண்டு மூன்று மாதங்கள் குஞ்சுகளுடன் திரியும். இக்காலத்தில் அது முட்டையிடாது. இது நோயுமல்ல, சோம்பலுமல்ல. அது குடும்பம் நடத்துகிறது. இவ்வாறு ஆண்டொன்றுக்கு மூன்று முறை மட்டுமே முட்டையிட நேரம் கிடைப்பதால், ஏறத்தாழ நாற்பது முட்டைகளே கிடைக்கும்.

இதை நாம் கூட்டலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேடுகள் அடைக்கு வந்தால் நல்ல பேடு ஒன்றை மட்டும் அடைக்கு வைத்து, மற்றவற்றின் அடையைக் கலைக்கலாம். குஞ்சுகள் நான்கு வார வயதை எட்டியதும் தாயைப் பிரித்துவிட்டால் அது விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஆனால் பிரித்த குஞ்சுகளுக்குப் பாதுகாப்பான கூடும், இரவில் குளிர்படாத இடமும், நல்ல தீனும் கொடுக்க முடிந்தால் மட்டுமே இதைச் செய்யலாம்.

அடை கலைப்பதற்காகக் கோழியைத் தண்ணீரில் அமிழ்த்துவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் சில இடங்களில் வழக்கமாக உள்ளன. இவை கோழியை வதைப்பனவேயன்றி வேறில்லை. நிலத்திலிருந்து உயர்த்திய, அடியிலே காற்றோட்டமுள்ள கம்பிக்கூட்டில் தீனும் தண்ணீரும் வைத்து நான்கைந்து நாட்கள் விட்டாற் போதும். வயிற்றின் சூடு தணிந்ததும் அடைக்குணம் நீங்கிவிடும்.

இறகு உதிர்ப்பும் வயதும்

வளர்ந்த கோழி ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகை உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. புரதம் முழுவதும் அங்கே செலவாவதால் இரண்டு மூன்று மாதங்கள் முட்டை நின்றுவிடும். அக்காலத்தில் கோழி பார்ப்பதற்கு அலங்கோலமாகவும் இருப்பதால் நோய் என்று நினைத்துப் பலர் விற்றுவிடுகிறார்கள். உண்மையில் அப்போது நல்ல தீன் கொடுத்தால், இறகு முளைத்ததும் அது மீண்டும் நன்றாக முட்டையிடும். வயது முதிர்ந்த கோழியின் நிலை வேறு. இரண்டாம் ஆண்டின் பின்னர் முட்டை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும்.

தீனும் தண்ணீரும்

முட்டை நிற்பதற்கு எமது பகுதிகளில் அதிகமாகக் காணப்படும் காரணம் இதுவே. கோழிக்குத் தீன் போடுகிறோம் என்பவர்கள் பெரும்பாலும் போடுவது குறுணலும் மிஞ்சிய சோறும் மட்டுமே. அரிசியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கே புரதம் உண்டு. முட்டையிடும் கோழியின் தீனிலோ பதினாறு பங்காவது இருக்க வேண்டும். சோறு தின்ற கோழி கொழுக்கும், முட்டையிடாது.

வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கலப்பினக் கோழிகளுக்கு இது இன்னும் பொருந்தும். நாளொன்றுக்கு 100 தொடக்கம் 120 கிராம் வரை சமநிலைத் தீன் கிடைத்தாலே அவை ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடும். வளவில் மேய விட்டால் விரைவில் நின்றுவிடும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் விலை ஏறியபோது பலர் இத்தகைய கோழிகளைக் கைவிட நேர்ந்தது. ஆகவே எந்த இனம் நல்லது என்று கேட்பதற்கு முன்னர், எத்தகைய தீனை ஆண்டு முழுவதும் எம்மால் கொடுக்க முடியும் என்று கேட்பதே புத்தி.

கையிலுள்ளதைக் கொண்டே புரதம் கூட்டலாம். ஒரு மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மறுநாட் காலையில் சட்டி நிறையக் கறையான் இருக்கும். அவித்த மீன் கழிவு, தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கையிலை என்பனவும் உதவும். கருவாட்டுத் தலை கொடுப்பதானால் உப்புப் போகக் கழுவியே கொடுக்க வேண்டும்.

ஒரு முட்டைக் கோதுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் செல்கிறது. அரிசியிலும் தவிட்டிலும் அது போதாது. சிப்பி அல்லது மட்டி ஓட்டை இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். தேவையான அளவைக் கோழியே கொத்திக்கொள்ளும். முட்டைக் கோது கொடுப்பதானால் வறுத்துத் தூளாக்க வேண்டும். கோதாகவே போட்டால் முட்டை குடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முட்டையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லீற்றர் வரை குடிக்கும். வெயிற் காலத்தில் அதன் இரட்டிப்பும் குடிக்கும். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் விட்டாலே பல நாட்களுக்கு முட்டை குறையும். கிணறு வற்றும் ஆடி, ஆவணியில் முட்டை நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம், வெளிச்சம், பயம்

நிழலில் 32 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் கோழி வாயைத் திறந்து இளைக்கும், தீன் குறையும், கோது மெலியும். தகரக் கூரைக் கூட்டின் மேல் கிடுகு போடுங்கள். தீனை விடியற்காலையிலும் மாலையிலும் கொடுங்கள். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பகல் மிகவும் குறுகுவதால் முட்டை நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழி மாதப் பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய வித்தியாசமே உண்டு. ஆகவே எமக்கு அது பெரிய காரணமல்ல. ஆனால் காலை ஒன்பது மணி வரை இருட்டுக் கூட்டில் அடைத்து வைப்பது வெளிச்சத்தையும் மேய்ச்சலையும் ஒருங்கே பறிக்கும்.

இடம் மாறிய கோழியும் முட்டையை நிறுத்தும். புது இடம், புதுக் கூட்டம், துரத்தும் நாய், வெடிச் சத்தம் என்பன அதைக் கலங்கச் செய்யும். அது புது இடத்தில் பழக இரண்டு வாரம் கொடுங்கள். நாலைந்து கோழிக்கு ஒன்றாக, இருளான மூலையில் வைக்கோலிட்ட கடகம் அல்லது பெட்டி வையுங்கள்.

செள்ளும் நோயும்

இரவில் ரோச் வெளிச்சத்தில் கோழி தங்கும் தடியைப் பாருங்கள். பகலில் வெடிப்புகளில் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்கும் செந்நிறச் செள்ளுகள் காணப்படலாம். தடிகளில் கொதிநீர் ஊற்றிச் சுண்ணாம்பு பூசுங்கள். கோழி புரளுவதற்குச் சாம்பலும் மணலும் கலந்த குழியொன்று செய்து கொடுங்கள். குடற்புழுவுக்கான மருந்தைக் கால்நடை வைத்திய அதிகாரியின் ஆலோசனைப்படி கொடுக்க வேண்டும்.

ஒன்றல்ல, எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் முட்டையை நிறுத்தி, பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் அது இராணிக்கெட் நோயாக இருக்கலாம். இதற்கு மருந்து இல்லை. முன்கூட்டியே ஏற்றும் தடுப்பூசி மட்டுமே உண்டு. செத்த கோழியைப் பற்றைக்குள் எறியாமல் ஆழப் புதையுங்கள். நோய் கண்ட கோழிகளை அரை விலைக்கு விற்பது அயலவனின் கூட்டையும் அழிப்பதாகும். வாங்கி வரும் கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

என்ன செய்வது?

முதல் மூன்று நாட்கள் ஒளித்த முட்டையைத் தேடுங்கள், எலும்பைச் சோதியுங்கள். அடையா, குஞ்சுக் காலமா, இறகு உதிர்ப்பா என்று பாருங்கள். இவை இல்லையாயின் தண்ணீர், தீன், சிப்பி ஓடு, செள்ளு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் திருத்தி மூன்று நான்கு வாரங்கள் பொறுத்திருங்கள். அதன் பின்பும் எலும்பு நெருங்கிக் கொண்டை வெளிறி நிற்கும், மூன்று ஆண்டு கடந்த கோழியை விற்பதில் தவறில்லை. எந்தக் கோழி எப்போது முட்டையிட்டது, எப்போது அடைக்கு இருந்தது என்பதைப் பிள்ளையின் பழைய கொப்பியில் குறித்து வையுங்கள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், எதை வைத்திருப்பது, எதை விற்பது என்பதை அடுத்த முறை நீங்களே தீர்மானித்துவிடலாம்.