வெட்டி நட்டால் மட்டும் போதுமா?

செம்பருத்திக் கிளையை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும். எல்லாச் செடிகளும் இப்படி எளிதில் வளர்ந்துவிடுவதில்லை, மாணவர்களே.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வட்டார மணல்வெளிக்கே உரிய புதர்ச்செடி ‘எரிக்கா வெர்டிசில்லாட்டா’. ஊசி போன்ற சிற்றிலைகளும் குழல் வடிவ இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்டது. நகரம் விரிய விரிய அதன் வாழிடம் சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கைச் சூழலிலிருந்து முற்றாக மறைந்தது. 1984-இல் பிரிட்டோரியா நகரப் பூங்கா ஒன்றில் இச்செடி மீண்டும் கண்டறியப்பட்டது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிலும் வியன்னாவின் பெல்வெடேர் தோட்டத்திலும்கூட அது பிழைத்திருந்தது தெரியவந்தது.

இதை வளர்ப்பது ஏன் கடினம்? எரிக்கா செடிகளின் வேர்கள் முடியைப் போல் மெல்லியவை. சத்துக்குறைந்த அமில மண்ணில் வாழ, வேர்களுக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளைத் திரட்டித் தருகிறது. நாம் அக்கறையோடு போடும் பாஸ்பேட் உரமே இச்செடிக்குக் கேடாகலாம். வேரைக் கிளறுவதும் கூடாது.

இனப்பெருக்கம் செய்ய, சுமார் 5 சென்டிமீட்டர் நீள நுனிக்கிளைகளை வெட்டுவார்கள். அடியிலைகளை நீக்கி, வேர் ஊக்கியில் தோய்த்து, நீர் தேங்காத மணற்கலவையில் நடுவார்கள். அடியிலிருந்து இளஞ்சூடு கொடுத்து, மேலே நீரைப் பனிபோல் தெளிப்பார்கள். வேர்விட ஓரிரு மாதங்கள் ஆகும்.

ஆனால், ஒரே செடியிலிருந்து வெட்டி நட்ட ஆயிரம் செடிகளுக்கும் மரபணுக்கள் ஒன்றே. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் அழிக்கலாம். எனவேதான் வெவ்வேறு தோட்டங்களில் பிழைத்த செடிகள் முக்கியமாயின. அவற்றிடையே மகரந்தச்சேர்க்கை நடந்தால், விதைகளில் மரபணுக்கள் புதிதாகக் கலக்கும்.

அந்த விதைகளை முளைக்க வைப்பது எப்படி? அவ்வட்டாரப் புதர்க்காடுகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை தீப்பற்றுவது இயல்பு. புகையிலுள்ள வேதிப்பொருள் அங்குள்ள விதைகளின் உறக்கத்தைக் கலைப்பதை 1990-இல் டி லாங்கே, பவுச்சர் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மேலே நிழல் தந்த புதர்கள் எரிந்துவிட்டன, இனி வெளிச்சமும் இடமும் கிடைக்கும் என்பதற்கான அறிகுறிதான் புகை. இன்று பல எரிக்கா இனங்களின் விதைகளைப் புகை கலந்த நீரில் ஊறவைத்து விதைக்கிறார்கள்.

1994 முதல் கேப் டவுனின் ரொண்டேவ்லேய் காப்பகத்தில் இச்செடியை மீண்டும் நட்டு வருகிறார்கள். நடுவதோடு வேலை முடியவில்லை. நகர வீடுகளுக்கு அருகே காட்டுத்தீயை அப்படியே விட முடியாது. எரியாமலே இருந்தால் விதைகளுக்கு அழைப்பும் வராது. வெட்டி நட்டது செடியைக் காத்தது. அந்த இனம் தானாகவே வாழ, விதை முளைக்கும் சூழலும் திரும்ப வேண்டும்.