பந்து கையில இருந்தும் பட்டம் போச்சு! பாஸ்கெட்பாலில் டைம் அவுட்டை யார், எப்போ கேட்கலாம்?

1993 ஏப்ரல் 5. அமெரிக்க கல்லூரி பாஸ்கெட்பால் இறுதிப்போட்டி. நார்த் கரோலினா 73, மிச்சிகன் 71. இன்னும் 11 விநாடிதான் பாக்கி. பந்து மிச்சிகன் வீரர் கிறிஸ் வெப்பர் கையில். ஒரு கூடை போட்டால் சமன், மூன்று புள்ளி ஷாட் விழுந்தால் வெற்றிக்கு வழி.

ஆனால் மைதானத்தின் மூலையில் எதிரணியினர் இருவர் அவரை மடக்கிவிட, டைம் அவுட் கேட்டு சைகை காட்டினார் வெப்பர். சிக்கல் என்னன்னா, மிச்சிகனிடம் டைம் அவுட்டே மிச்சமில்லை! விளைவு, டெக்னிக்கல் ஃபவுல். நார்த் கரோலினாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும். 77-71 என பட்டமும் அவர்களுக்கே போனது.

பந்து யார் வசம்?

ஒரு வீரர் பந்தைப் பிடித்திருந்தாலோ, டிரிபிள் செய்தாலோ அது அவரது அணியின் வசம். சக வீரருக்கு பாஸ் போகும்போதும் அப்படியே. ஆனால் கூடையை நோக்கி எறிந்த பந்து கையை விட்டுப் போனதும் அது யாருக்கும் சொந்தமில்லை. ரீபவுண்டைப் பிடிப்பவருக்கே பந்து.

என்பிஏவில் என்ன விதி?

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே களத்தில் உள்ள வீரரோ, தலைமைப் பயிற்சியாளரோ டைம் அவுட் கேட்கலாம். ஆனால் பந்து தங்கள் அணி வீரரின் கட்டுப்பாட்டில் இருக்கணும். இல்லைன்னா எதிரணி வேகமா கூடையை நோக்கி ஓடும்போதெல்லாம் டைம் அவுட் கேட்டே தடுத்துடலாமே!

ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 7 டைம் அவுட். ஒவ்வொன்றும் 75 விநாடி. கடைசி குவார்ட்டரில் அதிகபட்சம் 4 தான்.

சர்வதேசப் போட்டிகளில்?

ஒலிம்பிக், உலகக் கோப்பை போன்றவை ஃபிபா விதிப்படி நடப்பவை. இங்கே வீரர்கள் டைம் அவுட் கேட்கவே முடியாது. பயிற்சியாளரோ, முதல் உதவிப் பயிற்சியாளரோ ஸ்கோரர் மேஜையில் கேட்கணும். கேட்டதும் கிடைக்காது. விசில் ஊதி கடிகாரம் நிற்கணும், அல்லது எதிரணி கூடை போட்டிருக்கணும்.

முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. ஆனால் கடைசி 2 நிமிடத்தில் 2 மட்டுமே. ஒவ்வொன்றும் 60 விநாடி.

இருவரும் சேர்ந்து பிடித்தால்?

என்பிஏவில் ஜம்ப் பால். நடுவர் பந்தை மேலே எறிய, இருவரும் குதித்துத் தட்டணும். ஃபிபாவிலும் அமெரிக்க கல்லூரி ஆட்டத்திலும் மேஜையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் அணிக்குப் பந்து. அடுத்த முறை எதிரணிக்கு.

கடைசி நிமிடத்தில் ஏன் இவ்வளவு மவுசு?

டைம் அவுட் என்பது வெறும் ஓய்வு இல்லை. கடைசி 2 நிமிடத்தில் தன் பாதியில் பந்து வைத்திருக்கும் அணி டைம் அவுட் எடுத்தால், எதிரணி பாதியிலிருந்தே ஆட்டத்தைத் தொடரலாம். என்பிஏ, ஃபிபா இரண்டிலும் இந்த வசதி உண்டு. சில விநாடிகளே இருக்கும்போது, பாதி மைதானத்தை ஓடிக் கடக்கும் நேரம் மிச்சம்.

அதனால் அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஸ்கோரை மட்டும் பார்க்காதீங்க. எந்த அணிக்கு எத்தனை டைம் அவுட் மிச்சம் என்பதையும் ஒரு கண் பாருங்க.